கட்டண ஆபீஸ், இலவச ஆபீஸ், திருட்டு ஆபீஸ்

கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பது போதாதா? ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ், பிளானிங், கடைசியில் சிஸ்டம்ஸ் என்று முப்பத்தோரு வருடம் ஓட்டியவன் என்பதால் எனக்கு இதில் ஏதோ தெரியும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

கேள்வியில் இரண்டு வழிதான் இருக்கிறது. நடைமுறையில் நம் ஊரில் மூன்று. காசு கொடுத்து வாங்குவது ஒன்று. இலவசமானதைப் போட்டுக்கொள்வது இரண்டு. மூன்றாவது, மெஷினை அசெம்பிள் செய்து தரும் பையன் "ஆபீஸ் எல்லாம் நானே போட்டுத் தந்துடறேன் சார், தனியா காசு வேணாம்" என்று போட்டுவிட்டுப் போவது. பலர் இந்த மூன்றாவதைத்தான் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது அது. வீடு தேடி வந்து யாரும் பிடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் தொழில் செய்கிறவன் நிலைமை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சண்டை புதிதல்ல. தட்டச்சில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். ரெமிங்டனில் அடித்தது ரெமிங்டனிலும் படிக்கலாம், கோத்ரெஜிலும் படிக்கலாம். தாளுக்கு மெஷின் எதுவென்று கவலை கிடையாது. பிறகு வேர்ட்ஸ்டார் வந்தது, லோட்டஸ் 1-2-3 வந்தது. லோட்டஸில் போட்ட ஸ்டாக் ஸ்டேட்மென்டைப் படிக்க லோட்டஸ் வேண்டும் என்ற நிலை அப்போதுதான் ஆரம்பம். அதன்பின் மைக்ரோசாப்ட் வேர்டும் எக்ஸலும் வந்து எல்லோரையும் ஓரம் கட்டின. நல்ல மென்பொருள்தான், அதை மறுக்க மாட்டேன். எக்ஸல் இல்லாமல் சிப்காட்டில் ஒரு லாரி கூட கேட்டைத் தாண்டியிருக்காது.

தமிழில் அடித்தவர்களுக்கு இன்னும் ஒரு கஷ்டம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். ஒருவர் ஒரு எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக வரும். இங்கே எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் இப்படி அல்லாடினோம் என்றால் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு நுடி, பரஹா என்று கன்னடத்திலும் இதே கதை. தமிழ்நாடு அரசு 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றபிறகுதான் நிலைமை மெல்லச் சீரானது. ஆனால் அதற்கு முன் அடித்து வைத்தவை? எங்கள் ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தின் பத்து வருடத் தீர்மானங்கள் அந்தப் பழைய எழுத்துருவில்தான் இருந்தன. மென்பொருள் கம்பெனி இல்லாமல் போய்விட்டது, எழுத்துரு யாரிடமும் இல்லை. கடைசியில் அச்சிட்டு ஃபைலில் கோத்து வைத்திருந்த தாள்கள்தான் உதவின.

இந்த இடத்தில்தான் என் கருத்து தொடங்குகிறது. மென்பொருளின் விலை பெட்டிமேல் எழுதியிருக்கும் தொகை மட்டும் இல்லை. நீங்கள் அதில் எழுதி வைத்ததை, அந்தக் கம்பெனியின் தயவு இல்லாமல் இருபது வருடம் கழித்துத் திறக்க முடியுமா என்பதும் விலையில் சேர்த்தி.

இலவசம் என்றால் என்னென்ன இருக்கிறது? முதலில் லிப்ரே ஆபீஸ். சன் நிறுவனம் ஸ்டார் ஆபீஸை வாங்கி, 2000இல் அதன் நிரலைத் திறந்துவிட்டது. அதுதான் ஓபன் ஆபீஸ். 2010இல் அதை உருவாக்கியவர்களில் பலர் பிரிந்து வந்து தொடங்கியது லிப்ரே ஆபீஸ். வேர்டுக்கு ரைட்டர், எக்ஸலுக்கு கால்க், பவர்பாயின்டுக்கு இம்ப்ரெஸ். இன்டர்நெட் இல்லாமலே ஓடும். பணம் கேட்காது, கெடு வைக்காது. அடுத்தது கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ். மூன்றாவது நம் ஊர்க்காரர்களான ஜோஹோவின் ரைட்டர், ஷீட். பின்னிரண்டும் இன்டர்நெட்டில் இருப்பவை.

இது ஏதோ படிக்கிற பையன்களின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் ஒரு தமிழ் மென்பொருள் சி.டி. வெளியிட்டது ஞாபகம் இருக்கிறதா? எழுத்துருக்களோடு, தமிழில் மெனு வரும் ஓபன் ஆபீஸும் அதில் இருந்தது. கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு கூடவே வந்தது. எத்தனை பிள்ளைகள் அந்தப் பக்கம் திறந்து பார்த்தார்கள் என்பது அவரவர் வீட்டில் தெரியும்! கேரளத்தில் கதை வேறு. அங்கே அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடத்தையே கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறார்கள். நாம் மடிக்கணினியைக் கொடுத்தோம். அவர்கள் ஆசிரியருக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பத்து வருடத்துக்கும் மேலாக உழைத்துவிட்டு, 2017இல் மறுபடியும் விண்டோஸுக்கே திரும்புவது என்று முடிவெடுத்தது. அரசியல் மாறியது ஒரு காரணம். வெளியிலிருந்து வரும் ஃபைல்களோடு ஒத்துப்போவதில் இருந்த தொல்லை இன்னொன்று. அதே நாட்டில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 கணினிகளில் லிப்ரே ஆபீஸுக்கு மாறப் போவதாக அறிவித்தது. ஆகவே "இதுதான் சரி" என்று யாரும் மேசையைத் தட்டிச் சொல்ல முடியாது. யார், எந்த வேலைக்கு என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவர் சிட்கோவில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். மூன்று சி.என்.சி., ஒன்பது ஆட்கள், நாலு கம்ப்யூட்டர். நாலிலும் திருட்டு ஆபீஸ். அவர் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி வெண்டர் ஆடிட்டில் லைசென்ஸ் விவரம் கேட்டுவிட்டது. பதினைந்து நாள் அவகாசம். ஆர்டர் போனால் ஒன்பது குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணா, நாலுக்கும் வாங்கிடலாமா, இல்ல எல்லாத்தையும் இலவசத்துக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் வேணாம் தம்பி. எந்த மெஷின்ல யாரு என்ன வேலை செய்றாங்கன்னு ஒரு தாள்ல எழுது" என்றேன்.

எழுதினோம். முதல் மெஷினில் குவாலிட்டி பெண் உட்காருகிறார். கஸ்டமர் அனுப்பும் பி.பி.ஏ.பி., கண்ட்ரோல் பிளான், எப்.எம்.இ.ஏ. எல்லாம் எக்ஸல் படிவங்கள். உள்ளே மேக்ரோ, பூட்டிய கட்டங்கள். கால்க்கில் திறந்தால் பெரும்பாலானவை வந்தன; இரண்டு படிவங்களில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கஸ்டமரிடம் போய் "உங்க பார்மட்டை மாத்துங்க" என்று சிறு பட்டறைக்காரர் சொல்ல முடியுமா? இந்த மெஷினுக்குக் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது கணக்கு மெஷின். அதில் டாலி லைசென்ஸோடு ஏற்கெனவே இருந்தது. ஜி.எஸ்.டி. வருடாந்திர ரிட்டர்னுக்கு அரசு தரும் ஆஃப்லைன் கருவி மேக்ரோவோடு கூடிய எக்ஸல் ஃபைல். இ-வே பில்லை மொத்தமாகத் தயாரிக்கும் கருவியும் அப்படியே. ஓசூரிலிருந்து ஜிகணிக்கோ பொம்மசந்திராவுக்கோ ஜாப் ஒர்க்குக்கு சரக்கு அனுப்பினால், மாநிலம் தாண்டுவதால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எல்லையில் தொழில் செய்கிறவனுக்கு இது தினசரி வேலை. எனவே அங்கேயும் ஒரு எக்ஸல். திறந்த தரம், கட்டற்ற மென்பொருள் என்று 2010இலும் 2015இலும் கொள்கை வெளியிட்ட மத்திய அரசின் கருவிகளே இப்படி இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். இலவச மென்பொருளை மக்கள் பயன்படுத்தட்டும் என்று நினைக்கும் அரசு, முதலில் தன் படிவங்களை அதில் திறக்கும்படி செய்ய வேண்டும்.

மூன்றாவது ஸ்டோர்ஸ், நாலாவது முதலாளியின் மெஷின். கூலிப் பட்டியல், டெலிவரி சலான், டூல் ரிஜிஸ்டர், பேங்குக்குக் கடிதம். இதற்கெல்லாம் லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். ஸ்டோர்ஸ் பையன் முதல் வாரம் "பட்டன் எல்லாம் இடம் மாறி இருக்கு" என்று முணுமுணுத்தான். இரண்டாவது வாரம் சத்தம் இல்லை. கடிதத்தில் வரிகள் கொஞ்சம் நகர்ந்தன, காரணம் எழுத்துரு. வெளியே போவதை எல்லாம் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பு என்றதும் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

ஆக, இரண்டு மெஷினுக்குக் காசு, இரண்டு மெஷினுக்கு இலவசம், திருட்டு எதிலும் இல்லை. ஆடிட்டில் கேட்ட தாளைக் கொடுத்தார். ஆர்டர் நின்றது. இதில் இன்னொரு விஷயம்: வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கும் மலிவான சந்தாவைத் தொழிலுக்குப் போடக்கூடாது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

சரி, நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு? நமக்கு என்ன வேலை? பென்ஷன் ஆபீஸுக்கு மனு, குடியிருப்போர் சங்கக் கணக்கு, பேத்தி கல்யாணத்துக்கு அழைப்பவர் பட்டியல், இந்த மாதிரி கட்டுரை. இதற்கு வருடா வருடம் சந்தா கட்டுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. முன்பு ஒரு முறை வாங்கினால் மெஷின் சாகும் வரை நமதே. இப்போது பெரும்பாலும் வாடகை. மைக்ரோசாப்டின் தனிநபர் சந்தா ஆண்டுக்கு ஐயாயிரத்துக்குள் இருந்தது, 2025இல் சுமார் ஏழாயிரம் ஆகிவிட்டது. பென்ஷன் அந்த வேகத்தில் ஏறவில்லை. கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? உங்கள் ஃபைலைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. சொந்த வீட்டில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல.

இன்டர்நெட்டில் வைக்கும் இலவசத்துக்கும் ஒரு எச்சரிக்கை. கூகுளில் இரண்டு வருடம் நுழையாத கணக்கை நீக்கிவிடலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் வயதில் இதை யோசிக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், டெபாசிட், எல்.ஐ.சி., கொடுத்த கடன் எல்லாவற்றையும் அழகாக ஒரு ஷீட்டில் எழுதி வைத்திருந்தார். திடீரென்று போய்விட்டார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அந்த அம்மா ஒவ்வொரு பேங்காக ஏறி இறங்கினார்கள். காசு கொடுத்த மென்பொருளா, இலவசமா என்பது அங்கே கேள்வியே இல்லை. வீட்டில் இருப்பவர்களால் திறக்க முடிந்ததா என்பதுதான்.

ஆகவே என் பரிந்துரை இவ்வளவுதான். கஸ்டமரோ அரசோ கட்டாயப்படுத்தும் மெஷினுக்கு மட்டும் காசு கொடுங்கள். கொடுக்கும்போது முறையாகக் கொடுங்கள். மற்றதற்கு லிப்ரே ஆபீஸ் போடுங்கள். அதை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடினால் முதலில் வரும் ஏதோ ஒரு சுட்டியை அழுத்தாதீர்கள். தமிழில் அடிப்பது எதுவானாலும் ஒருங்குறியில் அடியுங்கள். பழைய தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்களுக்கு என்.எச்.எம். ரைட்டரில் அந்த விசைப்பலகையே இலவசமாக இருக்கிறது. முக்கியமான ஃபைலுக்கு ஒரு பி.டி.எஃப். நகல் எடுத்துப் பென் டிரைவில் போட்டு பீரோவில் வையுங்கள். சொத்து விவரம் எழுதிய பக்கத்தை அச்சிட்டு, வீட்டம்மாவிடமோ பிள்ளையிடமோ எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.

கடைசியாகச் சொன்ன இந்த வேலையை மட்டுமாவது இந்த வாரமே செய்துவிடுங்கள். அதற்கு எந்த மென்பொருளும் புதிதாக வேண்டாம்.