பெயர் தெரியாத பட்டாளத்தார்



நவம்பர் மாதம் மரித்தோரை நினைவுகூரும் மாதம். கல்லறைத் திருநாளுக்கு முன்பே கல்லறைகளைச் செதுக்கிச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் ஆயத்தம் செய்கிறோம். மரித்தோரின் பெயர்களை எழுதிக் கொடுத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறோம். ஆனால், கல்லறையும் இன்றி, பெயரும் சரியாகத் தெரியாமல் நம் குடும்பங்களைவிட்டு மறைந்தோரும் உண்டு. 'பாட்டனாரின் தகப்பனார் பட்டாளத்தில் இருந்தாராம். கடல் கடந்து போனாராம். திரும்பவில்லையாம்' என்ற மூன்று வாக்கியங்களோடு அவர்களுடைய வரலாறு முடிந்துவிடுகிறது. இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இயலுமா என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க விழையும் பொருள்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஊர்களில் 'பட்டாளத்தார் வீடு' என்றால் எந்த வீடு என்று சிறுவரும் கை காட்டுவர். பட்டாளத்தார் யார், எந்தப் படையில் இருந்தார் என்று கேட்டால்தான் விடை கிடைப்பதில்லை.

அந்நாளில் தமிழ்நாட்டின் எளிய குடும்பத்து இளைஞர் பலரை ஏற்றுக்கொண்ட படைகளுள் முதன்மையானது 'மதராஸ் சாப்பர்ஸ்' என்னும் பொறியியல் படை. 1780-இல் தோன்றிய இப்படை பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1876-இல் விக்டோரியா அரசியின் பெயரால் சிறப்புப் பெற்றதால், 'குயின்சாப்' என்பது இவ்வீரர்களின் செல்லப் பெயராயிற்று. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியன இவர்களின் பணி. மற்றப் படையினர் நடந்து செல்லும் வழியை முன்னே சென்று உண்டாக்கியவர்கள் இவர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனியாரின் சென்னைப் படையில் பறையர் சமூகத்தார் திரளாகப் பணியாற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ, 'போர்க்குணம் உடைய சாதி, அஃது இல்லாத சாதி' என்னும் கொள்கை வெள்ளை அதிகாரிகளிடையே வேரூன்றிற்று. இராபர்ட்ஸ் பிரபு தளபதியாக இருந்த நாளில் இது வலுப்பெற்றது. தென்னாட்டுக் காலாட்படைகள் குறைக்கப்பட்டன. பம்பாய்ப் பகுதியில் மகர் சமூகத்தாரைச் சேர்ப்பதும் 1890-களில் நிறுத்தப்பட்டது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் அப்படையில் சுபேதாராக இருந்தவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். நம் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பெரும்பாலும் எஞ்சியிருந்த வாயில்கள் சாப்பர்ஸ், பயனியர்ஸ் என்னும் இவ்வேலைப் படைகளே. போரில் சிந்திய இரத்தம் ஒரே நிறமாயினும், படைப் பதிவில் 'வகுப்பு' என்றொரு கட்டம் தவறாமல் இருந்தது.

இக்கொடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1866-இல் கறுப்பின மக்களுக்கெனத் தனிப் படைப்பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுள் 9-ஆம், 10-ஆம் குதிரைப் படைகள் புகழ் பெற்றவை. வீரர் அனைவரும் கறுப்பர். அதிகாரிகளோ ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். ஹென்றி பிலிப்பர் என்பவர் 1877-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பர். அடிமையாகப் பிறந்த அவர் 10-ஆம் குதிரைப் படையில் அதிகாரியானார். ஐந்தாண்டுகளில், பணக் கணக்கைக் காரணம் காட்டி இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கையாடல் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று கூறி 1882-இல் அவரை வெளியேற்றினர். தம் பெயரிலிருந்த களங்கத்தைத் துடைக்க வாழ்நாளெல்லாம் முயன்று, இயலாமலே 1940-இல் காலமானார். பின்னர் ஒரு பள்ளி ஆசிரியரும் பிலிப்பரின் உறவினரும் பழைய ஏடுகளை ஆராய்ந்து விண்ணப்பித்தனர். அதன் பயனாக 1976-இல் அவர் மதிப்புடன் விடுவிக்கப்பட்டவராகப் பதிவு திருத்தப்பட்டது. 1999-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் முழு மன்னிப்பும் வழங்கினார். இறந்தவருக்கு நீதி வழங்கும் ஆற்றல் பழைய தாள்களுக்கு உண்டு என்பதற்கு இது சான்று.

நம் வீரர்களின் நிலை என்ன? முதல் உலகப் போரில் மெசப்பொட்டோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இந்திய வீரர் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுக்காகப் பாஸ்ராவில் 1929-இல் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. வெள்ளை வீரர் ஒவ்வொருவர் பெயரும் அதில் பொறிக்கப்பட்டது. இந்தியருள் அதிகாரிகளுக்கே பெயர் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழ் ஓர் எண்ணிக்கை மட்டுமே கிடைத்தது. நம் நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் அரசாங்கத்தார் பதித்த சலவைக் கற்களும் இவ்வாறே உள்ளன. 'இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர். அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர்' என்பதற்கு மேல் அக்கற்கள் பேசுவதில்லை.

2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இக்குற்றத்தைத் தானே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. ஆசிய, ஆப்பிரிக்க வீரருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ நினைவுச் சின்னமே இன்றியோ விடப்பட்டனர். இவ்வெண்களுக்குள்தான் நம் பட்டாளத்தாரும் மறைந்திருக்கக்கூடும்.

ஆகவே, தேடும் பொறுப்பு நம்முடையது. தேடலை வீட்டிலேயே தொடங்க வேண்டும். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை உற்று நோக்குங்கள். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன அங்கு மிகச் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் வெட்டப்பட்டிருக்கும். வெள்ளி என்று தட்டாரிடம் கொடுத்து உருக்கிவிடாதீர்கள். உருகுவது வெள்ளி மட்டுமன்று. விடுவிப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம் ஆகியவற்றையும் பெட்டியடியில் தேடுங்கள்.

அடுத்து, பங்கின் பதிவேடுகள். ஒருவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அச்செய்தியை அறிவித்து, ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பது திருச்சபையின் வழக்கம். பெங்களூர்த் தண்டில் திருமணம் முடித்த சாப்பரின் பெயர், நம்மூர்ப் பதிவேட்டின் ஓரக் குறிப்பில் அகப்படலாம். மதுரை மறைமாவட்டம் 1938-இல்தான் பிரிந்தது. அதற்கு முற்பட்ட கடிதங்களுக்குத் திருச்சி மறைமாவட்டத்தையும் நாட வேண்டியிருக்கும்.

மாவட்டத்தின் பெயரிலும் கவனம் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தது. விருதுநகர் என்று தேடினால் பழைய ஏட்டில் ஒருவரும் கிடைக்கமாட்டார். பெயரின் எழுத்தும் அப்படியே. சவரிமுத்து, அந்தோணி, அருளப்பன் ஆகிய பெயர்களை ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தபடியே எழுதினர். ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்துத் தேடுவது நலம். எண்ணும் படைப்பிரிவும் கிடைத்த பின், பெங்களூரிலுள்ள மதராஸ் பொறியாளர் படையின் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். போரில் மாண்டவராயின் கல்லறை ஆணையத்தின் பட்டியலையும் பார்க்கலாம்.

இங்கு ஒரு தயக்கம் தலைகாட்டுவதை நாம் அறிவோம். அந்த 'வகுப்பு' என்னும் கட்டத்தில் எழுதியிருப்பது வெளியே தெரிந்துவிடுமே என்று சிலர் ஏட்டை மூடிவிடுகின்றனர். வெட்கப்பட வேண்டியவர் அக்கட்டத்தை வரைந்தவரேயன்றி, அதில் எழுதப்பட்டவர் அல்லர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலி நாட்டின் மிஞ்ஞானோவில், கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்த சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்தை அடுத்த கீழோட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். இதே மதராஸ் சாப்பர். ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டமையால் அவர் பெயரை உலகம் அறிந்தது. அவருக்கு முன்னும் பின்னும் அதே வேலையில் மாண்ட மற்றவரும் தாய் தந்தையர் பெயரிட்டு அழைத்த பிள்ளைகளே.

வீட்டில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் இருப்பாராயின், இவ்வாரமே அவரருகில் அமர்ந்து, பட்டாளத்தாரைப் பற்றிக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதிவேடு காத்திருக்கும், பெரியவர் காத்திருக்கமாட்டார். அவ்வாறு ஒரு பெயர் கிடைக்குமாயின், அடுத்த கல்லறைத் திருநாளில் அதையும் எழுதிக் கொண்டு வாருங்கள். நூறாண்டு எண்ணாகக் கிடந்தவரை நம் பீடத்தில் பெயர் சொல்லி நினைவுகூர்வோம்.