சுபேதார் ராம்ஜியின் ஓய்வூதியம்

காட்டுப்பள்ளியில் இருந்து பழவேற்காடு வரை நம் பக்கத்துச் சேரிகளில் "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். தெருவில் முதலில் காரை போட்ட வீடாக அது இருக்கும். திண்ணை ஓரத்தில் பேரெழுதிய இரும்புப் பெட்டி ஒன்று கிடக்கும். அந்த வீட்டில் ஒரு பிள்ளையாவது வாத்தியாராகவோ நர்ஸாகவோ ஆகியிருக்கும். இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது துப்பாக்கி பிடித்த கை மட்டுமல்ல. மாதம் தவறாமல் வந்த ஓய்வூதியமும்தான்.

பிப்ரவரி 2 ஒரு மிலிட்டரிக்காரரின் நினைவு நாள். 1913இல் அந்த நாளில் பம்பாயில் காலமானவர் சுபேதார் ராம்ஜி மாலோஜி சக்பால். அண்ணல் அம்பேத்கரின் தந்தை. மகனைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அவரைப் படிக்க வைத்த அந்த ஓய்வு பெற்ற சிப்பாயைப் பற்றி நாம் பேசியது குறைவு.

ரத்தினகிரி மாவட்டத்துத் தபோலிப் பக்கத்து மகர் குடும்பம் அவர்களுடையது. ஊர் ஏவிய வேலையை விட்டுவிட்டு முன்னோர்கள் கம்பெனிப் படைக்குப் போனார்கள். ராம்ஜியும் அதே வழியில் போனார். சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் படையே எழுத்துக் கற்றுக்கொடுத்த காலம் அது. அங்கே படித்தவர் அங்கேயே ஆசிரியரானார், 14 ஆண்டுகள் ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தார். மகூ ராணுவக் குடியிருப்பில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருக்கு 14வது பிள்ளையாகப் பிறந்தவர் பீமராவ்.

1894 வாக்கில் ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் குடும்பத்துக்காகவே வாழ்ந்தார். மனைவி பீமாபாய் இறந்தபோது பீமராவ் சின்னஞ்சிறுவன். சாத்தாராவில் இருந்து வெளியூர் போய்க் காசாளர் வேலை பார்த்து, பிறகு பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில் பிள்ளைகளோடு குடியேறினார். இரவு இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிடுவார். அதுவரை தூங்காமல் விழித்திருந்து, அதன் பிறகே தான் படுப்பார். மகன் கேட்ட புத்தகத்துக்குக் காசில்லாத நாளில், கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு நடந்துபோய் நகை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். தனஞ்சய் கீர் எழுதிய வரலாற்றில் இவை பதிவாகியிருக்கின்றன.

சுபேதார் பதவி தீண்டாமையை ஒழித்துவிடவில்லை. 1901இல் அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். சாதி தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுத்தார். இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிப் போனார்கள். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ராணுவ வேலை அவமானத்தைத் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த தலைமுறை அதை எதிர்த்து நிற்கத் தேவையான படிப்பைக் கொடுத்தது. 1907இல் மெட்ரிக், 1912இல் பி.ஏ. தேர்வு. தந்தை இறந்த அதே 1913இல் மகன் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார்.

அந்தக் கதவை அரசு ஒருமுறை சாத்தியும் இருக்கிறது. 'போர்க்குடி' என்று சில சாதிகளை மட்டும் தேர்ந்தெடுத்த வெள்ளை அரசு, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. ராம்ஜி சும்மா இருக்கவில்லை. நீதிபதி ரானடேயிடம் போய் மனு எழுதி வாங்கினார். பின்னால் வருகிறவன் எப்படிப் போனால் என்ன என்று அவர் நினைக்கவில்லை. மகர் ரெஜிமென்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது மராட்டியக் கதை மட்டுமல்ல. 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். முதுகுளத்தூர் சீமையில் சாதிக்கு எதிராக நின்று 1957இல் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனும் ராணுவத்தில் இருந்து திரும்பியவர்தான். பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடத்தையும் நாளையும் முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' முறையில் தலித் குடும்பங்களுக்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்தவர்கள் அவர்கள். ஏரியில் பாடு இல்லாத வீட்டுப் பையனுக்கு, ஓடிக் காட்டி, உயரம் காட்டிச் சேரக்கூடிய ஒரு வேலை இருந்தது. அது ராணுவம்.

அந்த வேலை இன்று எப்படி இருக்கிறது? 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டு சேவை. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படலாம். மற்றவர்களுக்குச் சுமார் 11.7 லட்சம் ரூபாய், அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை. இளைய படை வேண்டும், ஓய்வூதியச் செலவு பெருகுகிறது என்பவை அரசுத் தரப்பின் வாதங்கள். துணை ராணுவத்தில் ஒதுக்கீடு உண்டு என்றும் சொல்கிறார்கள். அவற்றை நாம் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் நிலமும் தோப்பும் உள்ள வீட்டுப் பையன் 25 வயதில் திரும்பி வந்தால் விழ ஒரு மெத்தை இருக்கிறது. சேரிப் பையனுக்கு என்ன இருக்கிறது? மொத்தமாக வரும் பணம் தங்கை கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். பேரப்பிள்ளையின் புத்தகத்துக்கு அடகு மீட்கும் பணம் அல்ல அது. ராம்ஜி நான்கே ஆண்டில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால் பீமராவின் படிப்பு என்னவாகியிருக்கும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

முதல் தொகுதி அக்னிவீரர்கள் 2022 இறுதியில் பயிற்சிக்குச் சேரத் தொடங்கினார்கள். 2026 இறுதியில் இருந்து அவர்களின் நான்காண்டு முடிகிறது. அதற்குள் சில காரியங்கள் நடக்க வேண்டும். வெளியே வருகிறவர்களுக்குச் சிறிய அளவிலாவது மாத ஓய்வூதியம் தர ஒன்றிய அரசு வழி செய்ய வேண்டும். அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். காட்டுப்பள்ளியில் கடலோரக் காவல் படைக்கு ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டிருக்கின்றன, 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலே பழுது பார்க்க வந்தது. நாட்டின் காவலுக்குக் கப்பல் கட்டும் மண்ணில், நாட்டைக் காத்துவிட்டு வரும் உள்ளூர்ப் பிள்ளைக்கு நிரந்தர வேலையில் முன்னுரிமை கேட்பது பெரிய கேள்வி அல்ல. பொன்னேரி தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் திருவள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினரும் இதைத் தங்கள் அவைகளில் எழுப்ப வேண்டும்.

பிப்ரவரி 2 அன்று சுபேதார் ராம்ஜியின் படத்துக்கு மாலை போடுவோம். அடுத்தவர் பிள்ளைக்காக மனு எடுத்துக்கொண்டு நடந்தவர் அவர். நம் தெரு மிலிட்டரிக்காரர்கள் அந்த மனுவை இப்போது கையில் எடுக்கட்டும். நாமும் கையெழுத்துப் போடுவோம்.