பலம் தரும் பொடியும் பொட்டாசியமும்

சாலை மார்க்கெட்டில் சுமை தூக்குபவரும், ஆபீசில் பேனா பிடிப்பவரும் உடம்பு தேற 'அமினோ' பொடி வாங்கிக் குடிப்பதுண்டு. சில பொடிகளில் ஆர்ஜினின் உண்டு. அது உடலின் செல்களுக்குள் நுழையும்போது அங்குள்ள பொட்டாசியத்தை இரத்தத்துக்குத் தள்ளும். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதுபட்டதால் முடியாது, இதயம் தடுமாறும். பழுதோ பெரும்பாலும் வலி காட்டாது!

ஊசிவழி ஆர்ஜினின் ஏற்றிய நோயாளிகளுக்கு உயிராபத்து நேர்ந்ததை 1970-களிலேயே மருத்துவ ஏடுகள் எழுதின. வாயால் உண்பதில் அத்தனை வேகமில்லைதான். ஆனால் சர்க்கரை நோய், எனலாப்ரில் மாத்திரை, தினம் இளநீர், இரண்டு ஏத்தன்பழம் எல்லாம் சேர்ந்தால்?

டப்பாவில் தமிழிலும் மலையாளத்திலும் எச்சரிக்கை அச்சிட்டால் என்ன? அதுவரை, பொடிக்கு வைத்த காசில் முதலில் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள்.