குத்தின் ஒலியோ தமிழனின் தொழிற்பெயர்?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே அமைந்தது மேலகரம். அவ்வூரினராகிய திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் அரியதொரு செயலைச் செய்தார். பறவை பிடித்துப் பிழைக்கும் ஏழைச் சிங்கனை அவையேற்றினார். அவன் வைக்கும் கண்ணியும், தேடும் பறவைகளும், அவை மேயும் வயல்களும் பாட்டில் இடம்பெற்றன. சிங்கியின் அணிகளைக் கண்டு அவன் மருண்டு வினவ, அவள் விடையிறுக்கும் இடத்தில் நகைச்சுவை பொங்குகிறது. ஆயினும் அச்சிரிப்பில் அவன் தொழிலுக்கு இழிவில்லை.

அத்தகைய இலக்கியம் பிறந்த நாட்டில் 2006இல் ஒரு திரைப்படம் வந்தது. சசி இயக்க, சீவா நடித்த அப்படத்தின் தலைவன் ஒரு சண்டைக் கலைஞன். பிறர் புகழுக்காகத் தன் எலும்பை முறித்துக்கொள்ளும் ஏழைத் தொழிலாளியின் வாழ்வைச் சொல்ல வாய்த்த நல்ல கதை! ஆனால் அதற்கு இட்ட பெயர் யாது? 'டிசுயூம்'! குத்து விழும் ஓசையே பெயராயிற்று. அடிபடுபவனுக்குப் பெயரில்லை, அடிக்குப் பெயருண்டு!

பெயர் போலவே படமும். தொழிலின் துயரைத் தொட்டுக் காட்டிவிட்டு, கவின்கலை பயிலும் பெண்மேல் அவன் கொள்ளும் காதலிலும் கலகலப்பிலும் கதை கரைந்துபோகிறது. அவன் எதனால் விழுகிறான், விழுந்தபின் அவன் குடும்பத்தைக் காப்பவர் யார் என்னும் வினாக்கள் அழுத்தம் பெறவில்லை. சண்டையும் நகைச்சுவையும் இருந்தும் நெஞ்சம் நிறையவில்லை.

அவ்வாண்டிலேயே தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அறிவிக்கப்பட்டது. உடனே பெயரை மாற்றிக்கொண்ட படங்களும் உண்டு. தாய்மொழிப் பற்றால் வாராத தமிழ், வரிவிலக்கால் வந்தது!

இது வெறும் சொற்பூசல் அன்று. 2024 சூலையில் சென்னைப் படப்பிடிப்பு ஒன்றில் உயரத்திலிருந்து விழுந்து ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். 2025 சூலையில் நாகை மாவட்டத்தில் மகிழுந்தைப் பாயவிட்ட மற்றொருவர் மாண்டார். 1954இல் தொடங்கிய நடுவணரசின் திரைப்பட விருதுகளில் சண்டையமைப்புக்குத் தனி விருது 2017இல்தான் வந்தது. அதுவும் அமைப்பவர்க்கே, விழுபவர்க்கன்று.

பெயரற்றவன் இறந்தால் கேட்பாரும் அரியர். 'டூப்பு' என்றால் பொய்யாள் என்றே பொருள்படும். உண்மையாக விழுபவனோ பொய்யாள்? 'மாற்றாள்' என்றால் நாக்கு சுளுக்குமா? 'ரோப்பு' வடமாகட்டும், 'மாசுடர்' சண்டைப் பயிற்றுநராகட்டும். படம் முடிகையில் விழுந்தெழுந்த ஒவ்வொருவர் பெயரும் தமிழில் திரையில் வரட்டும்.

தமிழன்பர்களே! பறவை பிடிப்பவனுக்குப் பாட்டில் இடம் தந்தது குற்றாலத் தமிழ். உயிரைப் பணயம் வைப்பவனுக்கு ஒரு வரி இடமேனும் தரத் தமிழ்த்திரைக்கு மனம் வாராதா? கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்!