மேசை ஏன் படுத்துக் கிடக்கிறது?



அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மகளுக்குப் பதினொரு வயது. அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருந்த சித்திரக் கொப்பியை உம்மா எடுத்துக் காட்டினார்.

“எந்த நேரமும் படம் கீறுறாள் தாத்தா. நமக்கு இது கூடாதுதானே? அதுதான் பறிச்சு வெச்சிட்டேன்.”

புரட்டிப் பார்த்தேன். மனிதரோ மிருகமோ ஒன்றுகூட இல்லை. மேசை, பெட்டி, ஜன்னல், மாடிப்படி. மகள் மெல்லக் கிட்ட வந்தாள். “என்ட மேசை ஏன் மாமி படுத்துக் கிடக்குது?”

முதலில் உம்மாவின் கேள்வி. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவதைத்தான் உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். உருவங்கள் செய்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழி காட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. மேசையும் பெட்டியும் கீறும் பிள்ளையின் கொப்பியைப் பறிக்கக் காரணம் இல்லை.

இனி மகளின் கேள்வி. மேசை எப்படி இருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததை அவள் கீறியிருக்கிறாள். கண்ணுக்குத் தெரிவதைக் கீறவில்லை. இரண்டும் வேறு. வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் நின்று பார்த்தால், தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றையொன்று நெருங்குவது தெரியும். (பிள்ளைகளைத் தண்டவாளத்தில் இறங்க விட்டுவிடாதீர்கள்!) கடலும் வானமும் சேரும் கோட்டையும் பாருங்கள். அது நம் கண்ணின் உயரத்திலேயே இருக்கும். மணலில் உட்கார்ந்தால் கூடவே இறங்கும். நாலாம் மாடிக்குப் போனால் கூடவே ஏறும். அதுதான் கண்மட்டக் கோடு.

பிள்ளையுடன் இதைச் செய்து பாருங்கள். தாளின் குறுக்கே கண்மட்டக் கோட்டை அடிமட்டம் வைத்துக் கீறி, அதன் நடுவில் ஒரு புள்ளி இடுங்கள். கோட்டுக்குக் கீழே, புள்ளிக்கு இடப்பக்கமாக ஒரு சதுரம் கீறுங்கள். அதன் மேல் மூலைகள் இரண்டையும், வலப்பக்கக் கீழ் மூலையையும் மெல்லிய கோடுகளால் புள்ளியுடன் சேருங்கள். மேலே உள்ள இரண்டு கோடுகளுக்கும் இடையில், சதுரத்தின் மேல் விளிம்புக்குச் சமாந்தரமாக ஒரு கோடு. அதன் வலது முனையிலிருந்து மூன்றாவது கோடுவரை நேர்கீழாக இன்னொன்று. மிச்சக் கோடுகளை அழித்துவிட்டால், தட்டையான சதுரம் பெட்டியாக எழுந்து நிற்கும்! இதுபோல மேற்பலகையைக் கீறிக் கால்களை வைத்தால் மேசையும் எழுந்து நிற்கும்.

கொட்டாஞ்சேனைச் சந்தியொன்றில் ஒரு கட்டடத்தின் மூலையைப் பார்த்து நின்றால், சுவர்கள் இரண்டு பக்கமும் விலகிப் போகும். அதற்குக் கண்மட்டக் கோட்டில் வலம் ஒன்று, இடம் ஒன்று என இரண்டு புள்ளிகள் வேண்டும்.

இந்தக் கலை நமக்கு அந்நியமானதல்ல. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலை ஏழு பாகங்களில் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் அல்ல, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே பார்க்கிறோம் என்று விளக்கினார். லத்தீனில் ‘பெர்ஸ்பெக்டிவா’ என்ற பெயராலும் அந்நூல் அறியப்பட்டது. பார்வை பற்றிய அந்த அறிவின்மேல்தான் இத்தாலியர் பின்னர் ஓவிய விதிகளைக் கட்டினர். அல்பெர்ட்டி அவற்றை 1435இல் நூலாக எழுதினார்.

வீடு கட்ட வரைபடம் கீறுபவருக்கும், தளபாடம் செய்பவருக்கும், பொறியியலாளருக்கும் இந்தப் பார்வை வேண்டும். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கண்டியில் பிறந்த மினட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணைந்த முதலாவது ஆசியப் பெண்ணானார்.

அன்று நான் புறப்படும்போது கொப்பி மகளின் கையில் இருந்தது. உம்மா அடிமட்டம் தேடிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் ஒரு கொப்பி இருந்தால், இன்றே இறக்கிக் கொடுங்கள். வஸ்ஸலாம்.