விதைப் புரதமும் மின்கட்டணமும்

கோடைக் காலத்தில் தர்பூசணிக் கடையோரம் குவியும் விதைகளை நாம் குப்பை என்றே எண்ணுகிறோம். தோல் நீக்கி உலர்த்திய அந்த விதைப்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 28 கிராம் புரதம் உண்டு. துவரம்பருப்பில் உள்ளதைவிட அதிகம். இத்தகைய விதைகளிலிருந்து கேளாஒலியின் துணையால் புரதத்தைப் பிரிக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

முதலில் முறையைப் பார்ப்போம். பருப்பை அரைத்து, எண்ணெயை நீக்கி, காரம் கலந்த நீரில் ஊறவைத்துக் கலக்குகிறார்கள். புரதம் நீரில் கரைந்து வரும். வடிகட்டி, சிறிது அமிலம் சேர்த்தால், எலுமிச்சைச் சாறு பிழிந்த பாலைப்போல அது திரிந்து அடியில் படியும். இதற்குத் தடையாக நிற்பது செல்சுவர். நொடிக்கு 20,000 முறை அதிரும் உலோகத் தண்டைக் கரைசலில் அமிழ்த்தினால், நீர் மாறி மாறி அமுங்கி விரிகிறது. விரியும்போது நுண்குமிழ்கள் பிறக்கின்றன, அமுங்கும்போது நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்தில், கணப்பொழுதுக்கு, வெப்பநிலை ஆயிரக்கணக்கான டிகிரி. அழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பல நூறு மடங்கு! செல்சுவர் எம்மாத்திரம்? கப்பலின் சுழல்விசிறியை அரித்துத் தின்பவையும் இத்தகைய குமிழ்களே. அவை நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை 1917-இல் கணக்கிட்டுக் காட்டியவர் ராலே பிரபு.

என் கேள்வி இதுதான்: மின்சாரம் எவ்வளவு? 300 வாட் கருவி 20 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். முகவையில் கிடைத்த புரதம் 2 கிராம் என்று கொள்வோம். ஒரு கிலோவுக்கு 50 யூனிட்! அதிலும், வெறுமனே கலக்கியே ஒன்றரை கிராம் கிடைத்திருக்கும் என்றால், ஒலி ஈட்டித் தந்தது அரை கிராம்தான். முகவைக்குப் பதில் பீப்பாய் வைத்தால் போதாதா என்பீர்கள். குமிழ்கள் தண்டின் முனையருகில்தான் மிகுதி. தள்ளிப்போகப் போக வீரியம் குறைந்துவிடும். ஆகவேதான் கரைசலைக் குழாய் வழியே தண்டை ஒட்டி ஓடவிடும் அமைப்புகளைச் செய்கிறார்கள். கிடைத்த புரதத்தின் சதவீதத்தை எழுதிவிட்டு, செலவான யூனிட்டை எழுதாமல் விடும் செய்தியை நான் பாதிச் செய்தி என்றே சொல்வேன்.

தர்பூசணி விதைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தோலுரித்து வறுத்துத் தின்னலாம். வட இந்தியாவில் அப்பருப்பை அரைத்துக் குழம்பிலும் சேர்க்கிறார்கள். தக்காளிச் சாறு ஆலைகளில் ஒதுங்கும் விதையில் கேளாஒலியை முயலட்டும். அதை யாரும் கொறிப்பதில்லை. ஒரே இடத்தில் குவிந்தும் கிடைக்கிறது. ஈரத்தோடு கிடந்தால் விரைவில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே உலர்த்தும் செலவையும் அந்தக் கணக்கில் ஏற்ற வேண்டும்.