எறியும் கைக்கும் எல்லை உண்டு

நம் ஊர்க்காரர்களுக்கு மலையைச் சுற்றத் தெரியும். பதினான்கு கிலோமீட்டர் நடந்தால் கால் என்ன பாடுபடும் என்பதும் தெரியும். கிரிவலம் முடித்துத் திண்ணையில் சாய்ந்தவரை, "எழுந்திரு, இன்னும் இரண்டு சுற்று போய் வா" என்று எவரும் விரட்டுவதில்லை. காலுக்குக் காட்டும் இந்த இரக்கத்தைக் கைக்கும் காட்டுகிறோமா? பந்து வீசும் மாணவனின் கையைப் பற்றித்தான் கேட்கிறேன், நண்பர்களே!

கோடை பிறந்தால் நம் வட்டாரத்தில் வற்றிய ஏரிகளெல்லாம் மைதானங்கள். டென்னிஸ் பந்து, ஆறு ஓவர் ஆட்டம், கோப்பையும் ரொக்கப் பரிசும். ஒரே நாளில் மூன்று, நான்கு ஆட்டங்கள் நடக்கும். மட்டை பிடிப்பவன் அவுட்டானால் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிடுவான். வேகமாகப் பந்து வீசுகிறவனுக்கு அந்த நிழல் கிடையாது. அணியில் அவன் ஒருவன்தான் வேகம் என்றால் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவனே வீச வேண்டும்.

நானும் அப்படி வீசியவன்தான். பிளஸ் டூ படித்த ஆண்டில், ஒரு பொங்கல் போட்டியில், மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் வலத் தோளில் ஏதோ சுண்டியது போலிருந்தது. "நல்லெண்ணெய் தேய்த்தால் போய்விடும்" என்றார்கள், தேய்த்தேன். அடுத்த வாரமும் வீசினேன். அதற்கடுத்த வாரமும் வீசினேன். இன்று பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்க வேண்டுமானால் இடக்கையைத்தான் நீட்டுகிறேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் தெரியவில்லை; என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அந்த அறியாமைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

எறியும் கையின் அருமையைப் பட்டுத் தெரிந்துகொண்ட ஆட்டம் ஒன்று உண்டு. அமெரிக்கர்களின் பேஸ்பால்தான் அது. அதில் பந்தெறிபவரைப் 'பிட்சர்' என்பார்கள். டாமி ஜான் என்ற இடக்கைப் பிட்சருக்கு 1974இல் முழங்கையின் இணைப்பு நார் அறுந்தது. அதுவரை அப்படிப்பட்ட காயம் என்றால் ஆட்டத்துக்கே முழுக்குத்தான். ஃபிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், அவர் வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இட முழங்கையில் பொருத்தினார். 1975 முழுவதும் ஜான் ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்தவர் 1989 வரை ஆடினார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பின் வந்தவை! இன்று அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர்தான். அங்கே தொழில்முறைப் பிட்சர் ஒருவர் எறியும் ஒவ்வொரு பந்தையும் எண்ணுகிறார்கள். நூறை நெருங்கினால் பெரும்பாலும் மாற்றிவிடுகிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சருக்கு அடுத்த ஆட்டத்துக்குமுன் வழக்கமாக நான்கு நாளாவது ஓய்வு உண்டு.

அந்த ஆட்டத்துக்கு நம் நாட்டிலிருந்தும் இருவர் போனார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகியோரே அவர்கள். அதற்குமுன் பேஸ்பாலைக் கையால் தொட்டறியாதவர்கள். 2008இல் நாடெங்கும் நடந்த ஒரு தேர்வுப் போட்டியில் தேறி, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். இந்தக் கதை 2014இல் திரைப்படமானது, நம் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார். ஆனால் அவர்களில் எவரும் அந்நாட்டின் முதல்நிலைப் போட்டிகளை எட்டவில்லை. தினேஷ் ஓரிரு ஆண்டுகளில் நாடு திரும்பினார். ரிங்குவைக் காயங்கள் முடக்கின. 2018இல் அவர் மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய்விட்டார். கை கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது, அதைக் காப்பது வேறு வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடல் கடந்து போவானேன்? நம் பக்கத்து மாவட்டத்துக்கே வருவோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனை அறியாதவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கடை வைத்தவர். இருபது வயதுவரை அவர் வீசியதெல்லாம் நம்மைப் போல் டென்னிஸ் பந்துதான். ஊரில் இருந்த மூத்தவர் ஒருவர் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அந்த நன்றியை மறக்காமல், தம் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று அவர் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டவர் நடராஜன்.

2015இல் ரஞ்சிக் கோப்பையில் களமிறங்கினார். உடனே வந்தது இடி. வீசும்போது முழங்கை அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது என்று ஐயம் எழுந்தது. கிரிக்கெட்டில் பதினைந்து பாகைக்கு மேல் அப்படி நிமிர்ந்தால் அது வீச்சு அல்ல, எறி! டென்னிஸ் பந்தில் யாரும் கவனிக்காத பழக்கம், வாழ்வின் வாசலில் வந்து வழிமறித்தது. பயிற்சியாளர்கள் துணையோடு ஏறத்தாழ ஓராண்டு தம் வீச்சையே மாற்றிக்கொண்டு மீண்டு வந்தார். 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் மூன்று கோடி ரூபாய். 2020இல் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், மற்றவர்கள் காயமுற்றதால் வாய்ப்புப் பெற்று, ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்!

கைதட்டிவிட்டு நாம் எழுந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள் ஆட்டம், நான்கு இருபது ஓவர் ஆட்டம் ஆக ஏழே ஆட்டங்களோடு அவருடைய இந்திய அணி வாழ்வு தடைப்பட்டது. 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்துத் தாம் இன்னும் தேயவில்லை என்று காட்டினார் என்பது வேறு. ஆயினும் பந்து வீசுபவன் வாழ்வு எவ்வளவு குறுகியது என்பதற்கு அந்த ஏழு என்ற எண்ணே போதும்.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமை அதில்தான் வருகிறது. வலி என்று அவர் சொன்னது வலிமையை. பந்து வீசுபவன் அந்தச் சொல்லின் இன்றைய பொருளையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

"இப்படிக் கணக்குப் பார்த்தால் விளையாட்டு விளையாட்டாக இருக்குமா?" என்று சில நண்பர்கள் சிரிக்கிறார்கள். உழவன் மாட்டை நேரம் பார்த்துத்தான் அவிழ்த்துவிடுகிறான். அதனால் உழவு கெட்டுவிட்டதா? "படிக்க வந்த இடத்தில் பந்து எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. ஆட்ட வாழ்வு குறுகியது என்பதால்தான் பட்டமும் வேண்டும், பந்தும் வேண்டும் என்கிறேன். ஒன்று கைவிட்டால் மற்றொன்று தாங்கும்.

நம் கல்லூரி பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யார், எந்த நாளில், எத்தனை பந்து வீசினார் என்று அதில் எழுதி வைப்போம். தோலால் ஆன கிரிக்கெட் பந்தில் முதலாண்டிலிருந்தே பயிற்சி தருவோம். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அங்குள்ள எலும்பு மருத்துவர் ஒருவரை அழைத்து, எறியும் மாணவர்களின் தோளையும் முழங்கையையும் பார்க்கச் சொல்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக, "வலிக்கிறது" என்று சொல்பவனைக் கோழை என்று அழைப்பதை இன்றோடு நிறுத்துவோம். உடற்கல்வி இயக்குநர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இந்த ஆண்டு ஜவ்வாது மலையிலிருந்து ஒரு தம்பி முதலாண்டில் சேர்ந்திருக்கிறான். சாமைக் கொல்லையில் கிளி விரட்டிக் கல்லெறிந்த கை. எல்லைக் கோட்டருகே நின்று அவன் எறியும் பந்து தரை தொடாமல் விக்கெட் கீப்பரிடம் வந்து சேர்கிறது. சென்ற மாதம் ஒரு போட்டிக்கு அவனைக் கேட்டு மூன்று அணிகள் வந்தன. மூன்றுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. "அண்ணே, மூணுக்கும் போகட்டுமா?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

"ஒன்றுக்குப் போடா தம்பி" என்றேன். ஏன் என்று கேட்டான். என் வலக்கையை அவனெதிரே மேலே தூக்கிக் காட்டினேன். அது தோள் உயரத்தோடு நின்றுவிட்டது.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு